சிம் லிம் டவரில் வாங்கிய ஃபைபர் மீட்டர்: வீட்டுக்கு இது தேவையா?

பெயர் சொல்லும்படி பிராண்ட் எதுவும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் பெட்டி, தலையில் இரண்டு துளை, நடுவில் சின்னத் திரை, பின்னால் மூன்று பேட்டரி. ஒரு துளை வீட்டு இன்டர்நெட் ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும். இன்னொன்று சிவப்பு லேசர் அடிக்கும். விலை 38 சிங்கப்பூர் வெள்ளி. ஆன்லைனில் இதே சாமான் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கையில் எடுத்து, பட்டனை அழுத்திப் பார்த்து வாங்குகிற பழக்கம் என்னை விடவில்லை. சிம் லிம் ஸ்கொயர் என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கருவி, கம்பி, கனெக்டர் எல்லாம் ஜாலான் புசாரில் இருக்கிற டவரில்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை 2017-இல் மூடும்வரை இந்த மாதிரி மீட்டர்கள் அங்கே தரையில் கிடக்கும். வேலை செய்வதும் செய்யாததும் வாங்குகிறவன் அதிர்ஷ்டம்.

இதை எதற்கு ஒரு வீட்டுக்காரன் வாங்க வேண்டும் என்று கேட்டால், கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் கேபிள் காலத்து ஆள். 2000-களில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கேபிள் டெக்னீஷியனாக இருந்தேன். வீவக வீடுகளின், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளின், சுவரில் இன்றைக்கும் காணலாம், ஒரு சதுரத் தகட்டில் டிவி ஓட்டை. எஸ்சிவி என்ற கேபிள் நிறுவனம் ஸ்டார்ஹப்போடு 2002-இல் இணைந்த பிறகும் எங்கள் வாயில் அது 'எஸ்சிவி பாயிண்ட்'தான். அந்த ஓட்டையிலிருந்துதான் இன்டர்நெட்டும் வந்தது. கேபிள் மோடத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது எதையும் மறைக்காது. பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். உள்ளே வரும் சிக்னல் எத்தனை டிபிஎம்வி (கேபிள் சிக்னல் பலத்தின் அலகு), இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபல் நிற்கிறது, மோடம் தன் பக்கமிருந்து எவ்வளவு பலத்தோடு அனுப்புகிறது, எல்லாம் அங்கே இருக்கும்.

உள்ளே வருவது மைனஸ் 15-இலிருந்து பிளஸ் 15 வரை இருக்கலாம் என்பது டாக்சிஸ் என்கிற கேபிள் இன்டர்நெட் தரத்தின் விதி. எங்களுக்கு மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால்தான் மனசு ஆறும். இரைச்சல் விகிதம் 256 க்வாம் என்கிற சிக்னல் முறைக்கு 33 டெசிபலாவது வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வது மூன்றாவது எண்தான். மோடம் அனுப்பும் பலம் 40-ஐ ஒட்டி இருந்தால் நல்ல வீடு. 50-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ சிக்னல் ஒழுகுகிறது, அந்தப் பக்கம் கேட்கவில்லை என்பதால் மோடம் காது மந்தமான தாத்தாவிடம் பேசுவதுபோல் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கத்த முடியாத இடத்தில் லைன் அறுந்துவிடும், மோடத்தின் லாகில் டி3, டி4 என்று 'பதில் வரவில்லை' பிழைகள் வரிசையாக விழும்.

காரணம் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இருக்கும். படுக்கையறை டிவிக்காக யாரோ கம்பியைப் பிரிக்கிற ஒரு ஸ்பிளிட்டர் போட்டிருப்பார்கள். இரண்டு வழி ஸ்பிளிட்டர் மூன்றரை டெசிபல் தின்னும், நான்கு வழி ஏழு. சில மூன்று வழி ஸ்பிளிட்டரில் ஒரு காலுக்கு மூன்றரையும் மற்ற இரண்டுக்கு ஏழும் போகும். மோடம் எப்போதும் அந்த ஏழு டெசிபல் காலில்தான் மாட்டியிருக்கும்! இல்லாவிட்டால் படம் தெளிவாக வர வேண்டுமென்று ஒரு பூஸ்டர் வாங்கி நடுவில் சொருகியிருப்பார்கள். டிவி பூஸ்டர் ஒரு திசைக்கு மட்டும்தான். வருவதைப் பெருக்கும், மோடம் அனுப்புவதைத் தடுத்துவிடும். படம் ஜோராக வரும், இன்டர்நெட் செத்துக் கிடக்கும்.

2019-இல் அந்த கேபிள் சேவை நின்றது. எல்லாரும் ஃபைபருக்கு வந்தோம். நல்ல மாற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்கள் கண்ணிலிருந்து போய்விட்டன. ஃபைபர் மோடத்துக்குள், அதாவது ஓஎன்டிக்குள், வெளிச்ச அளவு பதிவாகத்தான் செய்கிறது. நான் பார்த்த பெட்டிகளில் பலவற்றில் அந்தப் பக்கம் பூட்டியிருந்தது. நமக்குத் தெரிவதெல்லாம் முகப்பில் எரியும் பச்சை விளக்கும், கோளாறு வந்தால் சிவப்பாகும் 'லாஸ்' விளக்கும்தான். நடுவில் எதுவும் இல்லை. அந்த நடுப்பகுதிக்குத்தான் இந்த 38 வெள்ளி.

இனி மீட்டர். ஓஎன்டியின் பின்னால் செருகியிருக்கிற மெல்லிய ஃபைபர் கார்டை, அதாவது இணைப்புக் கம்பியை, கழற்றி மீட்டரில் செருக வேண்டும். 'லாம்டா' பட்டனை அழுத்தி 1490 என்ற எண்ணுக்கு வர வேண்டும். அது வீட்டுக்கு வரும் வெளிச்சத்தின் அலைநீளம், நானோமீட்டரில். சாதாரண 1 கிகாபிட் திட்டத்துக்கு அதுதான். திரையில் மைனஸ் 20 என்பதுபோல ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் இவ்வளவு குறைகிறது. 32 வீட்டுக்குப் பிரித்தாலே 15 டெசிபலுக்கு மேல் போய்விடும். இப்படி இழையைப் பிரித்துக் கொடுக்கிற ஜிபான் தரத்தில் பரவலாக உள்ள வகைக்கு ஓஎன்டியின் எல்லை மைனஸ் 27. அதற்குக் கீழே போனால் தடுமாறும். ரொம்பக் கூடினாலும், மைனஸ் 8-ஐத் தாண்டினாலும், ஆகாது. மூன்று டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும்.

பொங்கோலில் அக்கா வீட்டில்தான் இதன் அருமை தெரிந்தது. ராத்திரியானால் நெட் விட்டு விட்டு வருகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பல். சேவை நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். அப்புறம் 'இரவில் எல்லாரும் பயன்படுத்துகிற நேரம்' என்பார்கள். கடைசியில் மெஷ் வைஃபை வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு வெள்ளி என்று முடியும். அத்தான் வாங்கியே விட்டார். பலன் இல்லை.

நான் போனபோது மத்தியானம். ஓஎன்டி முனையில் அளந்தேன், மைனஸ் 20.9. குறையே இல்லை. "பார்த்தியா, நீ வந்தா மட்டும் நல்லா இருக்கும்" என்றாள் அக்கா. மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மகன் பள்ளி முடிந்து வந்தான். டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்து, சார்ஜில் இருந்த கேம் கன்ட்ரோலரை ஒயரிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு இழுப்பறையை ஓங்கித் தள்ளினான். திரையில் எண் மைனஸ் 28.3-க்கு விழுந்தது.

"டேய், அதை மறுபடி திற."

"ஏன் மாமா?"

திறந்தான். மைனஸ் 20.9. மூடினான், மைனஸ் 28.4. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கு அது இன்னொரு கேமாகிவிட்டது, ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் என்று இழுப்பறையை மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில்தான் எண் மடமடவென்று சரிந்தது.

வீட்டைப் புதுப்பித்தபோது அக்கா சுவரோடு சுவராக ஃபீச்சர் வால் அடித்து, ஃபைபர் பாயிண்டைப் பலகைக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அங்கிருந்து ஓஎன்டிக்கு வருகிற கார்டு இழுப்பறையின் பின்புறம் தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பறை முழுசாக மூடினால் பின்சுவரோடு சேர்ந்து மடங்கும். பகலில் கன்ட்ரோலரின் சார்ஜ் ஒயர் இடுக்கில் நிற்பதால் இழுப்பறை முழுசாக மூடாது, நெட் நன்றாக வரும். பையன் விளையாட உட்காரும்போது ஒயரை உள்ளே போட்டு இறுக மூடுவான், அந்த நிமிஷமே நெட் தடுமாறும். தன் விளையாட்டைத் தானே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான் பாவம். இதை எந்த ஹாட்லைன் கண்டுபிடிக்கும்?

ஃபைபர் முறிய வேண்டியதில்லை, வளைந்தாலே போதும். பழைய வகை இழை என்றால் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. உள்ளே போகிற வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். அதிலும் அலைநீளம் கூடக் கூடக் கசிவு அதிகம், அதனால் வீட்டுக்கு வருகிற 1490, வீட்டிலிருந்து போகிற 1310-ஐவிட அதிகம் அடிபடும். இப்போது வளைவைத் தாங்கும் ஜி.657 ஏ2 வகைக் கார்டு வந்துவிட்டது, ஏழரை மில்லிமீட்டர் ஆரம்வரை தாங்கும். அதில் ஒன்று வாங்கி, பலகையில் சின்ன கிளிப் அடித்து வழி மாற்றிவிட்டேன். கார்டு ஐந்தாறு வெள்ளிதான். மெஷ் வைஃபையை அத்தான் இன்னும் மாதம் கட்டிக்கொண்டிருக்கிறார், ஒப்பந்தம் முடியவில்லை.

கார்டு வாங்கும்போது தலையின் நிறத்தைப் பாருங்கள். பச்சைத் தலையின் முனை 8 டிகிரி சாய்வாகச் சீவியிருக்கும், நீலத் தலை அப்படிச் சாய்ந்திருக்காது. பச்சையை நீலத்துக்குள் செருகினால் செருகும், ஆனால் முனைகள் ஒட்டாது, பல டெசிபல் போய்விடும். ஏற்கெனவே எது இருந்ததோ அதையே வாங்குங்கள்.

இரண்டாவது, உட்லண்ட்ஸில் சித்தப்பா வீடு. அங்கே கதை வேறு. சிவப்பு விளக்கு அவ்வப்போது மின்னும். சுவரில் இருக்கும் பாயிண்டின் வெளித்துளையிலேயே, என் சொந்தக் கார்டைப் போட்டு அளந்தேன். மைனஸ் 29. அப்படியென்றால் வீட்டுக்குள் எதுவும் செய்து பயனில்லை, வெளியே கோளாறு. (அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கை வைக்க நமக்கு உரிமை இல்லை, அது நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை வைத்திருக்கிற நெட்லிங்க் டிரஸ்டின் சொத்து. வெளித்துளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.) ஹாட்லைனில் பேசிய பெண்ணிடம் "சுவர் பாயிண்டிலேயே மைனஸ் 29 காட்டுகிறது" என்று சொன்னேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் ரவுட்டரை அணைக்கச் சொல்லவே இல்லை, நேராக டெக்னீஷியன் எப்போது வரலாம் என்று கேட்டார். வந்தவர் புளோக்கின் ரைசரில், அதாவது மாடிகளுக்குக் கம்பி ஏறும் இடத்தில், ஒரு இணைப்பைத் திருத்திவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. வீட்டுக்குள்ளே இருக்கிற கோளாறுக்கு ஆளை வரவழைத்தால் சில நிறுவனங்கள் வருகைக் கட்டணம் கேட்கும். கூப்பிடுவதற்கு முன் எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்திருப்பதில் அந்த லாபமும் இருக்கிறது.

குறைகளுக்கு வருவோம். துல்லியம் 5 விழுக்காடு என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதாவது சுமார் 0.2 டெசிபல். பழைய வேலையிடத்து நண்பரின் நல்ல மீட்டரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் என்னுடையது 0.6 குறைத்துக் காட்டியது. வீட்டு வேலைக்கு இது பெரிய விஷயமில்லை. வளைவோ அழுக்கோ இருந்தால் ஏழு, எட்டு டெசிபல் போகும். தொழிலுக்கு என்றால் இதை நம்பாதீர்கள்.

அதைவிட எரிச்சல், அளக்கிற துளையின் அடாப்டர் தளர்ச்சி. கார்டைக் கொஞ்சம் அசைத்தால் எண் அரை டெசிபல் ஆடும். செருகி, கையை எடுத்து, எண் நின்ற பிறகு படிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று கையேட்டில் தேடினால், கையேடு எந்த மொழியில் எழுதியது என்றே தெரியவில்லை. பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ரப்பர் மூடி வாங்கிய வாரமே தொலைந்தது, நூல் கட்டி வைத்திருக்கலாம்.

இதனால் செய்யவே முடியாத ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்து வெளியே போகிற வெளிச்சத்தை அளக்க முடியாது. ஃபைபரில் எல்லா வீடுகளும் ஒரே இழையில் முறை வைத்துப் பேசுகின்றன. அந்தப் பக்கமிருந்து 'இப்போது உன் முறை' என்று வந்தால்தான் ஓஎன்டி ஒரு கணம் வெளிச்சம் அடிக்கும். கார்டைக் கழற்றி மீட்டரில் மாட்டினால் கேட்பாரில்லை, ஓஎன்டி வாயைத் திறக்காது. நடுவில் நின்று இரு பக்கமும் அளக்கும் பான் மீட்டர் தனி, விலையும் தனி. கேபிள் மோடத்தில் எனக்கு ரொம்ப உதவிய அந்த மூன்றாவது எண் இங்கே கிடைக்காதது மனத்தாங்கல்தான்.

10 கிகாபிட் திட்டக்காரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுக்கு வரும் வெளிச்சம் 1577 நானோமீட்டர். இந்த மீட்டரில் அந்த எண் கிடையாது, 1550-இல் வைத்துப் பார்த்தால் பக்கத்தில் வரும். பழைய வெளிச்சமும் புதியதும் ஒரே இழையில் வந்தால் இரண்டையும் கூட்டித்தான் காட்டும், பிரிக்கத் தெரியாது.

சிவப்பு லேசர் நன்றாகவே இருக்கிறது. அக்கா வீட்டுப் பழைய கார்டின் ஒரு முனையில் அடித்தபோது மடங்கிய இடத்தில் மஞ்சள் உறையை மீறிச் சிவப்பு கசிந்தது, பையன் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தான். கார்டை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், சுவர்ப் பக்கம் அடிக்க வேண்டாம். எந்த முனையையும் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. சிவப்பாவது தெரியும், நெட் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் முனையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இதில் பூட்டு எதுவும் இல்லை.

மீட்டரைவிட எனக்கு அதிகம் உழைத்தது அதே கடையில் வாங்கிய கிளீனர் பேனா. தலையில் செருகி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் உள்ளே இருக்கிற நூல் முனையைத் துடைத்துவிடும். ஃபைபரில் வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்தான். அதன்மேல் ஒரு தூசு உட்கார்ந்தால் பாதி வழி அடைபட்டுவிடும். சட்டையில் துடைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசம். எஸ்சி என்கிற சதுரத் தலைக்கு இரண்டரை மில்லிமீட்டர் பேனா என்று கேட்டு வாங்குங்கள். மீட்டர் வாங்காவிட்டாலும் இதை வாங்கலாம்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் மீட்டர் இருப்பதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். அளந்தால் மைனஸ் 18, ராஜா மாதிரி. அவர் ரவுட்டரை வீட்டுப் பாதுகாப்பறைக்குள், அதாவது பாம் ஷெல்ட்டருக்குள் வைத்து இரும்புக் கதவையும் சாத்தியிருந்தார். அந்தக் கான்கிரீட்டைத் தாண்டி வைஃபை எப்படி வரும்? ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்ததும் தீர்ந்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்கிற புகாருக்கு இந்த மீட்டர் பெரும்பாலும் உதவாது. முதலில் ஒரு லேன் கேபிளை ரவுட்டரில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் கோளாறு வைஃபையில். அதிலும் விட்டு விட்டு வந்தால், சிவப்பு விளக்கும் மின்னினால், அப்போது மீட்டரைத் தேடலாம்.

ஒரே ஒரு வீட்டுக்காக என்றால் வாங்கத் தேவையில்லை. அக்கா, சித்தப்பா, மச்சான் என்று நாலு வீட்டுக்கு நெட் பார்க்கிற ஆள் குடும்பத்தில் ஒருவர் இருப்பார், அவருக்கு வாங்கிக் கொடுங்கள். ஐந்துக்கு மூன்றரை தருவேன். அடாப்டர் தளர்ச்சிக்கு ஒன்று, கையேட்டுக்கு அரை குறைத்திருக்கிறேன். கடையில் பணம் கொடுப்பதற்கு முன், எந்தக் கார்டும் செருகாமல் மூடியைப் போட்டு ஆன் செய்து பாருங்கள். 'எல்ஓ' என்றோ மைனஸ் 60, 70 என்றோ காட்ட வேண்டும். மைனஸ் 40-இல் நின்றால் அந்தப் பீஸ் வேண்டாம், அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.